எனக்குக் கேட்காத ஸ்வரம்

பூனைக்குச் சங்கீத ஞானம் உண்டு என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன் சார். அதெல்லாம் ஆசைக்குச் சொல்வது. சிந்தசைசர் மேல் பூனை ஏறிப் படுக்கிறதென்றால் சூட்டுக்காகத்தான். என்னுடையது பழைய பெட்டி. சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் மேல்தகடு இளஞ்சூடாகிவிடும். கர்க்கடக மாசத்து மழையில் நனைந்து வருகிற ஜீவனுக்கு வேறென்ன வேண்டும்? அதன் மேல் எனக்குக் கோபமே கிடையாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும்.

நீங்கள் பாறசாலைக்காரர், தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். சந்தோஷம். மலையாளத்திலும் எனக்குத் தடையில்லை, பள்ளிக்கூடத்தில் படித்ததே அதுதான். ஆனால் இப்படி ஒரு காரியத்தை நிதானமாகச் சொல்ல வேண்டுமென்றால் வீட்டில் பேசும் பாஷைதான் எனக்குச் சௌகரியம்.

என் பெயர் அழகியநம்பி. பூர்வீகம் சுசீந்திரம் பக்கம். அப்பா சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் பருப்பு மொத்த வியாபாரம் செய்தார். எனக்குக் கடை ஒட்டவில்லை. இளவயதிலேயே கானமேளா குழுவில் கீபோர்டு வாசிக்கப் போய்விட்டேன். கோயில் உற்சவம், மாதா கோயில் பெருநாள், கல்யாண வரவேற்பு என்று ஆற்றிங்கலிலிருந்து மார்த்தாண்டம் வரை வாசிக்காத மேடை இல்லை. இப்போது அந்தக் காலம் போயிற்று. வீட்டிலிருந்தே பக்திப் பாட்டுகளுக்கும் உள்ளூர் விளம்பரங்களுக்கும் பின்னணி இசை செய்து அனுப்புகிறேன். பழவங்காடிக்குப் பின்னால் ஒரு சந்தில் அப்பா கட்டிய வீடு. மாடியில் நான், கீழ்வீடு வாடகைக்கு. மனைவி நாகர்கோவிலில் தன் தம்பி வீட்டில் இருக்கிறாள். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. அவளைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

கீழ்வீட்டுக்கு செல்வகணேஷ் குடிவந்தபோது நல்ல பையன் என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வள்ளியூர்க்காரன். அதே சாலைக் கம்போளத்தில் ஒரு இரும்புக் கடையில் கம்பி அறுக்கிற வேலை. நாள் முழுக்க அந்த மெஷின் பக்கத்தில் நிற்கிறவன். முப்பது வயதுகூட ஆகவில்லை, அதற்குள் டி.வி.யை அடுத்த தெருவுக்குக் கேட்கிற மாதிரி வைப்பான். அவன் மனைவி இசக்கிசெல்வி. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும். கைக்குழந்தை ஒன்று, மீனு என்று பெயர். இசக்கிசெல்விக்கு மலையாளம் வராது. அக்கம்பக்கத்தில் பேச ஆள் இல்லை. அதனால் பூனைகளோடு பேசிக்கொண்டிருந்தாள்.

சாளை மீன் வாங்கினால் தலைகளை எடுத்து வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று கூப்பிடுவாள். எங்கிருந்து வருமோ, மதில் மேல் வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும். அதில் மஞ்சள் நிறப் பெட்டைப் பூனை ஒன்று. அதற்குச் சீனி என்று பேர் வைத்திருந்தாள். அந்தச் சீனிதான் மாடிப்படி ஏறி, என் ஜன்னல் வழியாக வந்து, சிந்தசைசர் மேல் படுக்கப் பழகியது. நான் விரட்டியதில்லை. ஒருநாள் அது அங்கேயே சிறுநீர் கழித்துவிட்டது. கட்டைகளுக்கு நடுவே உள்ளே இறங்கிவிட்டது. கழற்றித் துடைத்தும் பயனில்லை. நடு ஸ்தாயியில் சில கட்டைகள் பேசாமல் போய்விட்டன. அந்தப் பெட்டிக்கு இப்போது உதிரிபாகம் எங்கும் கிடையாது. வளைகுடாவிலிருந்து திரும்பி வந்த ஒரு கிறிஸ்தவ சகோதரரிடம் இளவயதில் வாங்கியது. என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே என்னோடு இருப்பது.

கீழே போய் இசக்கிசெல்வியிடம் மரியாதையாகத்தான் சொன்னேன்.

"மக்களே, பூனைக்கு சோறு வைக்காதேன்னு நான் சொல்லல்ல. மேல வராம பாத்துக்கிட்டா போரும்."

"அய்யோ அண்ணாச்சி, மன்னிச்சிக்கிடுங்க. அது வாயில்லா சீவன். நா வேணும்னா வந்து தொடச்சித் தாரேன்" என்றாள். கண் கலங்கிவிட்டது. துடைத்தால் சரியாகிற விஷயமா அது? நான் மேலே வந்துவிட்டேன்.

வேறொருவனாக இருந்தால் சோற்றில் எதையாவது கலந்து வைத்திருப்பான். எங்கள் தெருவில் அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் புத்தி வராது. கம்பெடுத்து அடிக்கவும் மனசில்லை. வழி தற்செயலாகத்தான் கிடைத்தது. ஒரு விளம்பரத்துக்காகப் புது ஒலி ஒன்று தேடிக்கொண்டிருந்தேன். சுருதியை ஏற்றுகிற குமிழைத் திருகிக்கொண்டே போனேன். சத்தம் மெலிந்து, ஊசி மாதிரி ஆகி, ஒரு கட்டத்தில் எனக்குக் கேட்காமல் போய்விட்டது. ஆனால் போனில் ஒலியளவு காட்டுகிற ஆப் இருக்கிறதே, அதில் கோடு நின்று ஆடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் அலறிக்கொண்டுதான் இருந்தது, என் காதுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மதில் மேல் இருந்த பூனைகள் எல்லாம் ஒரே நேரத்தில் காதை மடித்துக்கொண்டு இறங்கி ஓடின.

வயதாக ஆக மனிதக் காது மேல் ஸ்தாயியை இழந்துகொண்டே வரும் சார். ஐம்பதைத் தாண்டியவனுக்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் இருபது வயதுக்காரனுக்கு ஒரு விசில் கேட்கும். அதற்கும் மேலே போனால் பூனைக்கு மட்டும். என் பெட்டிக்கு அந்த உயரம் வரை போக முடியாது. அது போகிற எல்லை, இளவயதுக்காரர்களின் காது முடிகிற எல்லைக்குச் சற்றுக் கீழே. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லப்போவதில்லை.

கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர் ஒன்றை ஜன்னலில் வைத்து முற்றத்தைப் பார்க்கத் திருப்பினேன். பெட்டியில் ஒரு கட்டையை அழுத்தி, மேலே சின்ன மரத்துண்டை வைத்துவிட்டால் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். சில நாட்களில் பூனைகள் வருவது நின்றுவிட்டது.

சீனி மட்டும் போகவில்லை. மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்டிருந்தது. அது எனக்கு முதலில் தெரியாது. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மதில் தாண்டிப் போனது. ஒன்று மிச்சம் இருந்தது. அதை எடுக்கத் திரும்பி வந்தபோது மதில் மேல் நின்றுவிட்டது. இறங்க முடியவில்லை. காதை மடிக்கும், தலையை உதறும், ஒரு காலை நீட்டும், பின்வாங்கும். குட்டி கீழே கத்துகிறது, அது மேலே கத்துகிறது. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கையை நீட்டினால் சுவிட்ச். ஆனால் அன்றைக்கு நிறுத்தினால் பழையபடி எல்லாம் வந்துவிடும் அல்லவா? ஒரு காரியத்தை ஆரம்பித்தால் பாதியில் விடக் கூடாது. இசக்கிசெல்வி அந்தக் குட்டிக்குப் பஞ்சைப் பாலில் நனைத்துக் கொடுத்துப் பார்த்தாள். பிழைக்கவில்லை. முருங்கை மரத்தடியில் புதைத்தாள். குழி தோண்ட என்னிடம்தான் மண்வெட்டி வாங்கிக்கொண்டு போனாள். பூனைகள் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை குட்டி போடும். அதை அவளிடம் சொல்லித்தான் சமாதானப்படுத்தினேன்.

மண்வெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தபோதுதான் முதல் தடவையாகக் கேட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு ஏதும் சத்தம் கேக்கா?"

"என்ன சத்தம் மக்களே?"

"என்னமோ கீ...ன்னு. கொசு மாரி, ஆனா கொசு இல்ல. பல்லு கூசுற மாரி. கொஞ்ச நாளாவே கேக்கு."

"எனக்கொண்ணும் கேக்கல்லியே" என்றேன்.

இது பொய் இல்லை சார். எனக்குக் கேட்கவில்லை. இதுவரை அவளிடம் நான் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பூனைகள் போன பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்று அந்த எஸ்.ஐ. ரேஷ்மி மேடம் கேட்டார்கள். கொசுவத்தியை அணைத்தால் கொசு வராதா? அதே கதைதான். அடுத்த கேள்வி, ஸ்பீக்கரை ஏன் இடம் மாற்றினாய் என்பது. அதற்கும் காரணம் இருக்கிறது. ஜன்னலில் சாரல் அடித்தது. எங்கள் வீட்டின் நடுவில் காற்றும் வெளிச்சமும் வருவதற்காகக் கிணறு மாதிரி ஒரு இடைவெளி விட்டிருக்கிறார் அப்பா. நனையாத இடம் அது ஒன்றுதான். அதன் அடியில் கீழ்வீட்டுச் சமையலறையும் படுக்கையறையும் இருப்பது உண்மை. வீட்டைக் கட்டியது நான் இல்லை.

காலையில் செல்வகணேஷ் வேலைக்குப் போன பிறகு போடுவேன். அவன் வரும் முன் நிறுத்திவிடுவேன். உழைத்துவிட்டு வருகிறவன், வீட்டில் நிம்மதியாக இருக்கட்டும் என்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் போடுவதே இல்லை. இதைப் போய் நீங்கள் திட்டம் என்கிறீர்கள். அந்தக் கம்பி மெஷின்காரனுக்கு அந்தச் சத்தம் எப்படியும் கேட்டிருக்காதே என்று மேடம் சொன்னார்கள். இருக்கலாம். நான் அதை அப்போது யோசிக்கவில்லை.

கீழே பேச்சு ஆரம்பமாயிற்று. அந்த இடைவெளி வழியாக எல்லாம் மேலே கேட்கும்.

"நா இருக்கும்போ வராதாம், நா அங்கிட்டு போனதும் வருதாம். இது என்னட்டி சத்தம்?" என்பான் அவன்.

"நா என்ன பொய்யா சொல்லுதேன்? பிள்ளையப் பாருங்க. அதுக்கும் கேக்கு. காதப் பொத்திக்கிட்டுல்லா அழுவுது."

"ஒன்னப் பாத்து அதுவும் செய்யிது."

குழந்தை பகலெல்லாம் அழுதது, அது வாஸ்தவம். பல் முளைக்கிற பருவத்தில் குழந்தைகள் அழும். எனக்குப் பிள்ளைகள் இல்லாவிட்டாலும் இதெல்லாம் தெரியும்.

செல்வகணேஷ் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். காதில் ஹெட்போன் மாட்டிச் சோதித்தார்களாம். "காது தங்கம் மாதிரி இருக்கு" என்று டாக்டர் சொன்னதை அவளே வந்து என்னிடம் சொன்னாள். பேச்சு கேட்கிறதா என்று பார்க்கிற சோதனை அது சார். நான் போட்ட உயரத்தில் பாதிகூட அவர்கள் மெஷினில் வராது. அதை நான் சொல்லியிருந்தால் என்னைக் கிறுக்கன் என்றிருப்பார்கள். காதில் குறை இல்லையென்றதும் வேறு டாக்டரிடம் அனுப்பினார்கள். அவர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை போட்டால் தூக்கம் வரும். ஆனால் தூங்கவும் முடியாது அல்லவா, சத்தம் இருக்கிறதே. அரைத் தூக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். ஒருதடவை குழந்தையைக் குளிப்பாட்டும்போது கை நழுவவிட்டாள். குழந்தைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, நெற்றியில் புடைத்தது.

அதற்கு அப்புறம்தான் வள்ளியூரிலிருந்து மாமியார் கோமதியம்மாள் வந்தாள். நல்ல விவரமான மனுஷி. வந்த அன்றைக்கே வீடு முழுக்க நடந்து நடந்து காதைக் கொடுத்துப் பார்த்தாள். என் வயதுக்காரி. அவளுக்கு என்ன கேட்கும்? மேலே வந்து என்னிடமும் விசாரித்தாள்.

"நீங்க பெரியவிய, ஒளிக்காம சொல்லணும். எம் மருமவ சொல்லுத சத்தம் ஒங்களுக்குக் கேக்கா?"

"எனக்குக் கேக்கல்ல ஆச்சி."

"பின்ன என்ன. நா சொன்னா எம் மவன் நம்ப மாட்டேங்கான். நீங்க ஒரு வார்த்த அவங்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று, அவள் கேட்டுக்கொண்டதால் சொன்னேன். பேத்தியைத் தூக்கிக்கொண்டு கோமதியம்மாள் ஊருக்குப் போனாள். ஆட்டோ வந்து நின்றபோது இசக்கிசெல்வி ஏறியும் ஏறாமலும் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தேன். வாய்விட்டு அழவில்லை. தன்மேல் தப்பு என்று அவளே நம்பத் தொடங்கிவிட்டாள் என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது. மறுநாள் ஊரிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார்கள். "இங்க வந்ததுல இருந்து பிள்ள ஒரு அழுவ இல்ல, சிணுங்கல் இல்ல. அடிச்சிப் போட்ட மாரி தூங்குது."

அதன் பிறகு அவள் மாடிக்கு வரத் தொடங்கினாள்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் தப்பாக நினைக்கிறார்கள். வாசல் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அவள் வாசல் ஓரமாகத் தரையில் உட்காருவாள். நான் என் நாற்காலியில். அவள் படியில் கால் வைக்கிற சத்தம் கேட்டதும் மரத்துண்டை எடுத்துவிடுவேன். வீட்டுக்கு வருகிறவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாதே. முதல் நாள் வந்து உட்கார்ந்தவள், கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தாள். பிறகு சொன்னாள்:

"அண்ணாச்சி, இங்க கேக்கல."

"பின்ன என்ன. கொஞ்ச நேரம் இரு."

பால் விடாமல் கட்டன் சாயா போட்டுக் கொடுத்தேன். பேசுகிற கட்டைகளை மட்டும் பயன்படுத்தி மெதுவாக எதையோ வாசித்தேன். காற்று மாதிரி, கடல் மாதிரி ஒரு ஒலி உண்டு அந்தப் பெட்டியில். மேடையில் அதை யாரும் வாசிக்கவிட மாட்டார்கள், டப்பாங்குத்து வேண்டும் என்பார்கள். அவள் கேட்டாள். கேட்டபடியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அத்தனை நாள் தூக்கமும் சேர்ந்து வந்த தூக்கம். நான் கையை எடுக்காமல் வாசித்துக்கொண்டே இருந்தேன். என் வாசிப்பைத் தேடி ஒரு மனுஷப் பிறவி படியேறி வந்து உட்கார்ந்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. என் மனைவி கதவைச் சாத்திக்கொள்வாள்.

தினமும் வந்தாள். சமையலை முடித்துவிட்டு வருவாள். குழந்தையைப் பற்றிப் பேசுவாள், வள்ளியூர் பற்றிப் பேசுவாள். "ஒங்க ரூம்லதான் அண்ணாச்சி எனக்கு மூச்சு விட முடியுது" என்று ஒருநாள் சொன்னாள். சாயங்காலம் ஆனால் கீழே போவாள். அவள் போனதும் மரத்துண்டைத் திரும்ப வைப்பேன். செல்வகணேஷ் வருகிற வரைக்கும்தான். முன்பு போல நாள் முழுக்க இல்லை. காலையில் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். அவளுக்கு நான் குறைத்துத்தான் கொடுத்தேன்.

நடந்ததற்கு வருகிறேன். அதெல்லாம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. வேலையிலிருந்து வந்த செல்வகணேஷ் அவளைச் சமையலறையில் பார்த்தான். கொண்டை ஊசியை நிமிர்த்திக் காதுக்குள் செலுத்தியிருந்தாள். இரண்டு காதிலும். ஒரு பக்கம் முழுசாகப் போய்விட்டது, மறுபக்கம் பாதி தேறலாம் என்கிறார்கள். அவன் தூக்கிக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. புருஷன்தான் குத்தியிருப்பான் என்று டாக்டர்களுக்குச் சந்தேகம். உங்கள் ஆட்கள் அவனை ஸ்டேஷனில் உட்கார வைத்தார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, வீட்டில் தினமும் சண்டை இருந்தது உண்டா என்று என்னைக் கேட்டார்கள். உண்டு என்றேன். அவன் சத்தம் போட்டுப் பேசுவானா என்றார்கள். போடுவான் என்றேன். காது கொஞ்சம் மந்தமானவன், மெதுவாகப் பேச அவனுக்கு வராது. அதை அவர்கள் கேட்கவில்லை.

நான் சொன்னதை எழுதிக் கையெழுத்து வாங்க ரேஷ்மி மேடம் மாடிக்கு வந்தார்கள். சின்ன வயது. மேலே ஏறி வாசலைத் தாண்டியதும் முகத்தைச் சுளித்து நின்றுவிட்டார்கள்.

"சேட்டா, இவிடெ எந்தோ விசிலடிக்குன்னுண்டல்லோ." இங்கே ஏதோ விசில் அடிக்கிறதே என்று கேட்டார்கள்.

கூட வந்த ஏட்டு ஞானையன், என்னைவிடக் கொஞ்சம் இளையவர், "எந்து விசில் மேடம்? ஒண்ணும் கேட்டில்லல்லோ" என்றார்.

மேடம் காதைத் திருப்பித் திருப்பி அறையைச் சுற்றி நடந்தார்கள். அறையிலிருந்த பெரிய ஸ்பீக்கரில் காதை வைத்துவிட்டு, அந்த இடைவெளியின் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்து, அங்கிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டு பெட்டி வரைக்கும் வந்தார்கள். மரத்துண்டை எடுத்தார்கள். வைத்தார்கள். மறுபடி எடுத்தார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்தார்கள். அப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. அணைக்க மறந்துவிட்டேன் சார். அன்றைக்குப் போட்டது, அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன களேபரத்தில் அப்படியே கிடந்திருக்கிறது. கேட்டிருந்தால் அணைத்திருப்பேன்.

செல்வகணேஷை விட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. குழந்தையை ஒருதடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து காட்டினார்களாம். அது வாயைத் திறந்து என்னமோ சொன்னதாம், அவள் அதன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். ஏட்டு சொன்னார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கவும் தோன்றாது. ஆனால் எல்லாவற்றையும் சொல்லுகிறேன் என்று ஒத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

அன்று காலையில் செல்வகணேஷ் வேலைக்குப் போகும் முன் மாடிக்கு வந்தான். நேமம் பக்கத்தில் ஒரு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னான். மாதக் கடைசியில் போய்விடுவார்களாம். குழந்தையைத் திரும்பக் கூட்டிவரப் போகிறார்களாம். "எல்லாம் அவ யோசனதான் அண்ணாச்சி. கொஞ்சம் தெளிஞ்சிருக்கா. நீங்க செஞ்ச ஒதவிய மறக்க மாட்டோம்" என்றான். நான், நல்லதுதான், போய்ட்டு வாங்க என்றேன்.

மத்தியானத்துக்குப் பிறகு அவள் வந்தாள். கையில் தட்டு, வாழையிலைத் துண்டு போட்டு மூடியிருந்தது. பழம்பொரி சுட்டிருந்தாள், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரிப்பார்களே, அது. தலை சீவிப் பூ வைத்திருந்தாள். குடிவந்த நாளுக்குப் பிறகு அவளை அப்படிப் பார்த்ததில்லை. படி ஏறும்போதே பேசத் தொடங்கிவிட்டாள்.

"அண்ணாச்சி, நா நல்லா யோசிச்சிப் பாத்தேன். ஒங்க ரூம்ல எனக்குக் கேக்காதுல்லா? அப்போ எந் தலைக்குள்ள ஒண்ணும் இல்ல. எந் தலைக்குள்ள இருந்தா இங்கயும் கேக்கணும்லா? இது கீழ்வீட்டுலதான் என்னமோ இருக்கு. எங்கயாம் வேற எடத்துக்குப் போய்ட்டா எம் பிள்ளைய நானே வச்சிக்கிடலாம்."

பள்ளிக்கூடம் முழுசாகப் படிக்காத பெண். எத்தனை டாக்டர்கள் பார்த்தார்கள், அவர்கள் யாருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவளுடைய காலடி கேட்டதும் எடுக்கிற மரத்துண்டை அன்றைக்கு நான் எடுக்கவில்லை சார். வாசல் வரை வந்துவிட்டாள், எடுக்கவில்லை. ஒலியைக் கூட்டுகிற குமிழ் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதைக் கடைசி வரை திருகினேன். அறையிலிருந்த பெரிய ஸ்பீக்கரையும் அதோடு இணைத்தேன். அவள் வாசற்படியில் அப்படியே நின்றாள். முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது.

"அண்ணாச்சி... இங்கயும் கேக்கு" என்றாள்.

"எனக்கொண்ணும் கேக்கல்லியே மக்களே" என்றேன்.

தட்டைத் தரையில் வைத்தாள். சிந்தாமல் பக்குவமாக வைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் சமையலறையில் ஏதோ டப்பாவைத் திறந்து தேடுகிற சத்தம் வந்தது. அது எனக்கு நன்றாகவே கேட்டது. நான் பழம்பொரியைத் தின்றுகொண்டிருந்தேன், ஆறிப்போனால் வீணாகிவிடும்.

அவளுக்குக் கெடுதல் செய்ய வேண்டும் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. வீடு மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று வீணாக நம்பி அந்தப் பிள்ளை ஏமாந்து போய்விடக் கூடாதே என்றுதான் செய்தேன்.